கடைசி கோன்

டெல்லி கோல் மார்க்கெட் பக்கம் இன்று சிறுவர் சிறுமியருக்குக் கூடைப்பந்துப் போட்டி நடத்தினேன். வரிசையாக வைத்த பிளாஸ்டிக் கோன்களைச் சுற்றிப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி, கூடையில் போட வேண்டும். சும்மா ஜாலிக்குத்தான். ஆனாலும் காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு சிறுமி ஓடும்போது அவள் அப்பா ஓரத்திலிருந்து தமிழில் கத்தினார். "கடைசி கோன சுத்தாதம்மா, நேரா போ. யாரும் கவனிக்கல."

ரகசியத்தைத் தமிழில் பேசுவது டெல்லியில் நாம் எல்லோரும் செய்வதுதான்.

விசில் ஊதக் கை பரபரத்தது.

அவளோ தமிழ் புரியாமல் பந்தோடு நின்று, ஹிந்தியில் சொல்லச் சொன்னாள். "அப்பா, ஹிந்தி மே போலோ நா."

ஹிந்தியில் சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடுமே; அவர் ஓடு என்று கையை மட்டும் ஆட்டினார். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எல்லாக் கோனையும் சுற்றித்தான் வந்தாள்.

பிறகு அவர் என்னிடம் எவ்வளவு நேரம் ஆனது என்று ஹிந்தியில் கேட்டார். நான் தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. நீங்களாக இருந்தால் ஹிந்தியிலேயே சொல்லியிருப்பீர்களா?