விற்றால் நிறுத்த மாட்டார்கள்

மருந்துக் கம்பெனி ரெப்பாகத் தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று நான் பை தூக்கி அலைந்தது எழுபதுகளில். நோயாளிகளோடு நோயாளியாகக் காத்திருந்து, டாக்டர் கூப்பிட்டதும் உள்ளே போய், மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு, சாம்பிளை மேசைமேல் வைத்துவிட்டு வருவதுதான் வேலை. கழுத்தில் டை கட்ட வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. கம்பத்து வெயிலில் டை கட்டி நடந்து பார்த்தால்தான் அந்த உத்தரவைப் போட்டவன்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் புரியும்.

கம்பத்தில் எனக்கு ஒரு ஜீப் டிரைவர் பழக்கம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவர். என்னிடம் மட்டும் காசு வாங்க மாட்டார். காரணம் அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு வலிப்பு. ஒரு முறை அடுப்பில் விழுந்து, முழங்கை வரை வெந்த தழும்பு. முதலில் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போக, டாக்டர் எங்கள் கம்பெனி மாத்திரைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அந்த அம்மா திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். மாத்திரையை நானே உட்கார்ந்து உருட்டிச் செய்ததுபோல டிரைவர் என்னைக் கும்பிடுவார். கூச்சமாக இருக்கும். உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும்.

மதுரையில் ஒரு ஓட்டலில் சேல்ஸ் மீட்டிங். மெட்ராஸிலிருந்து வந்த மேனேஜர், அந்த மாத்திரையை நிறுத்தப் போகிறோம் என்றார். போகிற போக்கில், காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். அதே மெஷினில் இனிமேல் சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு ஒரு சத்து மாத்திரை வருமாம். வலிப்பு மாத்திரையை வலிப்பு உள்ளவர்களுக்குத்தான் விற்க முடியும். இதை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அவ்வளவுதான் திட்டம். நான் எழுந்து, கம்பத்து அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

“ஒரு ஜீப் டிரைவர் சம்சாரத்துக்காக ஃபேக்டரி ஓட்டச் சொல்றீங்களா?” என்றார் மேனேஜர். எல்லாரும் சிரித்தார்கள். வேறு கம்பெனி யாரும் இதைப் போடவில்லையா என்று அவரே கேட்டு, லாபம் இல்லாததை யார் போடுவார்கள் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. நம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உடனே லீவு கொடுப்பவர்.

டிரைவரிடம் மறைக்க மனம் வரவில்லை. ஜீப் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். வண்டியைத் துணியால் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

“எதுக்கு சார் நிப்பாட்டுறாக?”

“விக்கலை.”

“வித்தா நிப்பாட்ட மாட்டாகல்ல?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த முறை கம்பம் போனபோது மருந்துக் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். “என்ன சார் செஞ்சீக? தோட்டத்துக்குப் போற சனமெல்லாம் ஒங்க மாத்திரையத்தான் கேக்குது. இல்லைன்னா கோவிச்சுக்கிட்டுப் போறாக.”

எல்லாம் டிரைவர் வேலை. ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் ஆளுக்கு ஓர் அட்டை மாத்திரை வாங்கச் சொல்லியிருக்கிறார். வாயில் போட்டுவிடக் கூடாது, வாங்கி வைத்தால் போதும் என்று கண்டிப்பாகவும் சொன்னாராம். மற்ற ஜீப்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூலிக்குப் போகிற பெண்கள் முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்து, தங்களுக்கு வராத நோய்க்கு மருந்து வாங்கினார்கள். மார்க்கையன்கோட்டை வரை கடைகளில் ஆர்டர். எங்களுக்குக் கம்பெனியில் சொல்லிக்கொடுத்த வித்தைகளில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆர்டர்களை அனுப்பிவிட்டு, மேலிடத்துக்கு மனம் மாறும் என்று நிஜமாகவே நம்பினேன்.

மேனேஜர் தேனிக்கே நேரில் வந்து என் தோளைத் தட்டினார். “எல்லா ஊர்லயும் பழைய ஸ்டாக் தேங்கிக் கிடக்கு. நீங்க மட்டும் எப்படிங்க தள்ளினீங்க? எக்ஸ்பயரி வேற நெருங்குது.”

நடந்ததைச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார்.

“பாத்தீங்களா, உங்க ஏரியாவுல வாங்குற சக்தி இருக்கு” என்று சொல்லி, சத்து மாத்திரைக்கு என் டார்கெட்டை உயர்த்திவிட்டுப் போனார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன்.

மாத்திரை நின்றுபோனது தெரிந்ததும், வாங்கினவர்கள் அட்டைகளை டிரைவரிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். மலையேறும்போது சிலர், இறங்கும்போது சிலர். யாரும் காசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் சேர்த்து, அவர் சந்தோஷமாக என்னிடம் காட்டினார்.

“ரொம்ப நாளைக்கு ஓடும்ல சார்?”

பைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஒரே சமயத்தில் செய்தவை. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரே மாதம் அச்சாகியிருந்தது. ஊரே சேர்ந்து வாங்கிக் கொடுத்த மருந்து, கால்வாசி தீர்வதற்குள் காலாவதியாகிவிடும். சொன்னேன். கையிலிருந்த துணியை அவர் மடித்தார்; மறுபடி பிரித்தார்.

“அதுக்கப்புறம் என்ன சார் குடுக்க?”

மதுரையில் பெரிய டாக்டரைப் பார்க்கலாம், வேறு ஏதாவது எழுதித் தருவார் என்று என்னென்னவோ உளறினேன். என் கை தானாக என் சாம்பிள் பைக்குள் போய், சிவப்பு மாத்திரை சாம்பிள் ஒன்றை எடுத்து நீட்டியது. கொடுப்பதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

“இது எதுக்கு சார்?”

“உடம்புக்குத் தெம்பு.”

“அவளுக்குத் தெம்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல சார்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுடுறேன்” என்று ஜீப்பைக் கிளப்பினார்.

அன்றும் அவர் காசு வாங்கவில்லை.