அப்பா நீதிபதியாக இருந்த வாரம்

எங்கள் வீட்டு நீதிமன்றத்தில் அப்பாதான் நீதிபதி. வழக்கறிஞராகிய நான் அங்கே ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

எண்பதுகளின் கடைசி. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் நான் ஐந்தாம் வகுப்பு. ஒரு பழைய வழக்கை வகுப்பில் நாடகமாக நடத்தப் போவதாக டீச்சர் சொல்லியிருந்தார். தெற்கே அடிமையாக இருந்தவர்கள் தப்பி வடக்கே வந்துவிட்டாலும், பிடித்து உரிமையாளரிடமே ஒப்படைக்க வேண்டும், ஒளித்துவைப்பவருக்கும் தண்டனை உண்டு என்று இந்த நாட்டில் ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. அப்படிப் பிடிபட்ட ஒரு பெண்ணுக்காக, அடிமை முறையை எதிர்த்த வக்கீல் ஒருவர் வாதாடுகிறார். அந்த வக்கீல் நான். அவர் குரலை உயர்த்துவதே இல்லை. இவள் உங்களுடையவள் என்பதற்கு என்ன அத்தாட்சி, எந்த உரிமையில் பிடித்தீர்கள், யார் சாட்சி என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு வழக்கை இழுத்துக்கொண்டே போவார். தீர்ப்பு ஒரு நாள் தள்ளிப்போனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் லாபம் என்பது அவர் கணக்கு. கடைசியில், மனிதரைச் சொத்தாக்கும் சட்டம் சட்டமே இல்லை என்பார்.

ஒத்திகை சமையலறையில். அம்மாதான் அடிமையின் உரிமையாளர். தோசையைத் திருப்பிக்கொண்டே, அந்தக் கொடுமையான வசனங்களைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சர்க்கரை கேட்பதுபோல் வாசிப்பாள். நான் என் கேள்விகளை முழங்கி முடித்ததும் அப்பா கரண்டியால் மேஜையைத் தட்டுவார். "சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல கண்ணா. பிடிக்குதோ இல்லையோ, ஃபாலோ பண்ணித்தான் ஆகணும்." வழக்கு தள்ளுபடி.

எங்கள் கிரீன் கார்டு அப்போது பாதி வழியில் இருந்தது. எங்களுக்காக அப்ளை பண்ணியிருந்தவர் அப்பா வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி. அப்பாவுக்கு சார், எனக்கு அங்கிள். வீட்டில் யாராவது பலமாகத் தும்மினால்கூட கிரீன் கார்டுக்கு ஆகாது என்பதுபோல் நாங்கள் வாழ்ந்தோம்.

அங்கிள் வீட்டில் ஓர் அக்கா இருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி என்று விருந்துகளில் ஆன்ட்டி சொல்வார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அந்த அக்கா அடுப்படியில் நின்றபடி சாப்பிடுவார். எனக்கு அது வினோதமாகப் படவில்லை. அம்மாவும் கடைசியில்தானே சாப்பிடுவாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், அந்தக் குளிரில் ரப்பர் செருப்போடு நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார் அந்த அக்கா.

"ஊருக்குப் போகணும்க்கா. கேட்டா பாஸ்போர்ட்டத் தர மாட்டேங்கறாங்க" என்றார் அம்மாவிடம்.

அம்மா ஒன்றும் கேட்காமல் காலுறை கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் போன் அடித்தது. அங்கிள். அக்கா இங்கே வந்தாரா என்று கேட்டார். அப்பா பொய் சொல்லவில்லை. நேரில் வாருங்கள் சார், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டு, ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அக்காவைக் கூட்டிக்கொண்டு எங்கள் சர்ச்சின் கன்னியாஸ்திரிகள் இருந்த வீட்டுக்கு, வண்டிகள் பறக்கும் ஃப்ரீவேயில் போக வேண்டும். அம்மா அதுவரை ஃப்ரீவேயில் ஓட்டியதே இல்லை. சாவியை வாங்க எவ்வளவு யோசித்தாய் என்று அவளைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஞாபகம் இல்லை என்கிறாள். இன்று எனக்கு என் குழந்தையின் டயப்பரை வேறு பிராண்டுக்கு மாற்றவே ஒரு வாரம் ஆகிறது.

அங்கிள் வந்ததும் அப்பா முதலில் காபி என்றார். வாழ்நாளில் காபி போட்டறியாத மனிதர். சர்க்கரை எங்கே என்று என்னைக் கேட்டார், பாலைப் பொங்கவிட்டார், டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதை நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு? எந்த விசாவில் வந்தார்? ஊருக்குப் போகக் கேட்டாரா? கேட்டபோது யார் இருந்தார்கள்? அத்தனையும் என் கேள்விகள். அதுவும் வரிசை மாறி.

"அப்பா, சாட்சி கேக்கறது லாஸ்ட்" என்றேன். அவர் அங்கிளிடமே அடுத்ததைக் கேட்டார்.

"அவங்க உங்க வீட்டுப் பொண்ணுன்னா, பாஸ்போர்ட் எதுக்கு சார் உங்க பீரோல இருக்கு?"

"என்ன, கோர்ட்டு நடத்தறீங்களா? உங்க ஃபைல் என் மேஜை மேலதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"தெரியும் சார். இன்னும் கொஞ்சம் காபி?"

கடைசியில் போன் அடித்தது. அம்மா, போய்ச் சேர்ந்துவிட்டதாக. அப்பா எடுத்து, சரி என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு அங்கிளிடம் நின்றபடியே சொன்னார்: "அவங்க இங்க வந்தாங்க. இப்ப இல்ல. எங்கன்னு நான் சொல்லப்போறதில்ல."

கன்னியாஸ்திரிகள் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள், பாஸ்போர்ட் வந்தது, கிறிஸ்துமஸுக்குள் அக்கா ஊர் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. எனக்கு அன்று தெரிந்தது ஒன்றுதான்: அப்பாவுக்கு வேலை போய், டெக்சாஸில் வேறு வேலை தேடி, நாடகத்துக்கு முன்பே நாங்கள் கிளம்பினோம். கிரீன் கார்டு முதலிலிருந்து. என் வக்கீல் வேஷம் பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்குப் போயிற்று. அந்த அநியாயத்தைத் தவிர வேறு எந்த அநியாயமும் என் கண்ணில் படவில்லை.

சாமான் ஏற்றிய வாடகை டிரக்கில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நியூ ஜெர்சியைத் தாண்டியதும் அப்பா ஸ்டியரிங்கை விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

"கோர்ட் ஆரம்பிக்கலாமா? உன் கேஸ சொல்லு. இன்னிக்கு நீதான் ஜெயிப்ப."

வாதாடாமலே எப்படி ஜெயிப்பேன் என்று கேட்டேன். அவர் என் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். அம்மா எதற்கோ சிரித்தாள். என்னை வைத்துத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, டெக்சாஸ் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.