மாதத்தை எங்கே வைத்தேன்?

போன வியாழக்கிழமை, ஒரு குப்பத்து ஜனங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நானே எடுத்து வைத்த ஒரு பொருளை நானே தேடி அலைந்தேன். பதினைந்து நிமிடம். பீரோவில் இல்லை, அஞ்சறைப் பெட்டியில் இல்லை... கம்ப்யூட்டரில்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தேடுபவர்களை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். இந்த வாரம் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். சரிக்குச் சரி.

இந்தப் பக்கத்தை எழுதாத நேரத்தில் நான் திருப்போரூர் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். செங்கல்பட்டில் காலை ஏழு மணிக்கு பஸ்ஸில் இடம் பிடிப்பதிலிருந்தே என் எரிச்சல் ஆரம்பிக்கும் என்பதும் தெரியும். எங்கள் கம்பெனி செய்வது ஒரே ஒரு ப்ரோகிராம். கடலோரத்தில் கல்லைக் கொட்டினால் அலை எப்படித் திரும்பும், மணல் எந்தப் பக்கம் நகரும் என்று நிபுணர்கள் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கணக்கை நாங்கள் படமாக ஓட்டிக் காட்டுவோம். நீலம் என்றால் தண்ணீர். மஞ்சள் என்றால் மணல்.

பார்ப்பதற்கு பொம்மைப் படம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டுத்தான் நிஜக் கல்லைக் கொட்டுவார்கள்.

அந்த ப்ரோகிராமில் செட்டிங்ஸ் மெனு என்று ஒன்று உண்டு. ஏழெட்டு வருடங்களாக, யார் யாருக்கு என்ன தோன்றியதோ அதையெல்லாம் அதில் திணித்து வைத்திருந்தார்கள். அலையின் நிறத்தை மாற்ற ஒரு இடம். அலையின் உயரத்தை மாற்ற வேறு இடம். 'இதர' என்று ஒரு மெனு. அதைத் திறந்தால் உள்ளே 'மற்றவை' என்று இன்னொன்று. அதையும் திறந்து பார்த்தவர்கள் உண்டு. உள்ளே ஒன்றுமே இல்லை.

தீபாவளி லீவு முடிந்து வந்ததும் மேனேஜர் சுந்தரேசன் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இந்த மெனுவை எல்லாம் கொஞ்சம் ஒழுங்குபடுத்திடுங்க. க்ளீனா இருக்கணும். திறந்ததும் எட்டு பட்டன்தான் தெரியணும்."

"ஏன் சார் எட்டு?"

"ஒன்பது போட்டா ரெண்டாவது வரிக்குப் போயிடும். பார்க்க நல்லா இருக்காது."

இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? ஆரம்பித்தேன். மூன்று மாதம் — நம்புவீர்களா? — மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு மீட்டிங். ஆளுக்கு ஒரு பட்டன் மேல் பாசம். தான் எழுதியது முதல் வரியில் வரவேண்டும் என்று ஒவ்வொருவரும் அடம். கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு இடம் பிடிப்பதுகூட இதைவிட மரியாதையாக நடக்கும். பொத்தேரியிலிருந்து ப்ராஜெக்ட் செய்ய வந்திருந்த இரண்டு காலேஜ் பெண்கள், "ஆபீஸ்னா இப்படித்தான் இருக்குமா மேடம்?" என்று என்னிடம் பயத்தோடு கேட்டார்கள்.

கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். "சண்டையே வேண்டாம். யார் எந்த பட்டனை எத்தனை முறை அழுத்துறாங்கன்னு ஒரு மாசம் எண்ணுவோம். அதிகமா அழுத்துறது முன்னால. அழுத்தாதது பின்னால."

சுந்தரேசன் மேஜையைத் தட்டி ஆமோதித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததுகூட வலிக்கவில்லை.

எண்ணினோம். முதலிடம் நிறம் மாற்றும் பட்டனுக்கு. எங்கள் ஆட்களுக்கு வேலை இல்லாத நேரத்தில் கடலைப் பச்சையாக்கி, சிவப்பாக்கி விளையாடத்தான் பிடிக்கிறது. கடைசி இடம் 'மாதம்' என்ற பட்டனுக்கு. எந்த மாதத்துக் கடலைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டன். அதை ஒரு மாதம் முழுக்க ஒருவர்கூடத் தொடவில்லை. டெஸ்ட் செய்ய எங்களிடம் இருந்தது கார்த்திகை மாதத்துக் கணக்கு. அதையே ஓட்டிக்கொண்டிருந்தோம். வேறு மாதம் எதற்கு?

தூக்கி உள்ளே போட்டேன். மெனுவுக்குள் மெனு, அதற்குள் மெனு, அதற்கும் உள்ளே 'அட்வான்ஸ்டு'. கடைசி வாரத்தில் அதை மூன்று முறை இடம் மாற்றினேன் என்பதும் உண்மை. மேலே எட்டே எட்டு பட்டன்கள். திரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். பேர் வேண்டாம். குப்பத்துக்குத் தெற்குப் பக்கம் ரோட்டைக் கடல் அரிக்கிறது என்று, அந்த இடத்தில் கடலுக்குள் நீட்டி ஒரு தூண்டில் வளைவு — அதுதான், வரிசையாகக் கல் கொட்டி அலையைத் தடுப்பார்களே, அது — போடத் திட்டம். குப்பத்து பஞ்சாயத்துக்காரர்கள் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் அவர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும். வழக்கமாகப் போகும் ஆளுக்குக் காய்ச்சல்.

"நீங்க போங்க மேடம்," என்றார் சுந்தரேசன். "மெனுவை மாத்தினதே நீங்க. உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

சுனாமிக்குப் பிறகு கட்டிய சமுதாயக் கூடம். ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். தரையெல்லாம் ஜனம். திட்டத்தை எடுத்திருந்த கம்பெனியின் இன்ஜினியர் பத்து நிமிடம் பேசினார். நான் படத்தை ஓட்டினேன்.

மஞ்சள் வளர்ந்தது. கல் வளைவுக்கு வடக்கே, அதாவது குப்பத்தின் பக்கம், கரை அகலமாகிக்கொண்டே போனது. கூட்டத்தில் சந்தோஷமான சலசலப்பு. போட்டை ஏற்றி வைக்க இடம் போதாமல் தினமும் சண்டை போடுகிறவர்கள் அவர்கள். பஞ்சாயத்துக்காரர் ஒருவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். இன்ஜினியர் பேப்பரை நீட்டினார்.

அப்போது கதவோரம் சாய்ந்து நின்றிருந்த ஒருவர் கேட்டார். எத்திராஜ் என்று பேர், என் வயதுதான் இருக்கும், சொந்தமாக ஃபைபர் போட் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும்.

"மேடம், இந்தப் படத்துல இன்னா மாசம் ஓடிகினு கீது?"

எனக்குப் புரியவில்லை.

"தண்ணி வடக்கேர்ந்து தெக்கால போவுது பாரு. வாடை அடிக்கிறப்ப அப்படித்தான் போவும். அது ரெண்டு மூணு மாசம். மீதி மாசம்லாம் தெக்கேர்ந்து வடக்கால இல்ல இழுக்கும்? அத்தக் காட்டு. அப்பால கையெழுத்துப் போடலாம்."

கார்த்திகை. டெஸ்ட் செய்த அதே கார்த்திகை. ப்ரோகிராம் கடைசியாக ஓட்டியதையே ஞாபகம் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. பார்ப்பதற்கு முன்வரிசையில் அந்த பட்டன் எங்கே இருந்தது?

"ஒரு நிமிஷம்," என்றேன்.

டூல்ஸைத் திறந்தேன். இல்லை. ஆப்ஷன்ஸ். இல்லை. டேட்டா... அங்கேதான் வைத்தேன், நிச்சயமாக... இல்லை. போன வாரம் அங்கிருந்து எடுத்தேனே, எங்கே வைத்தேன்? நான் திறக்கும் ஒவ்வொரு மெனுவும் சுவரில் ஆளுயரத்துக்குத் தெரிகிறது. என்னுடன் சேர்ந்து ஒரு குப்பமே தேடுகிறது. கடல் ஒரு முறை பச்சையானது. ஒரு முறை சிவப்பானது. நிறம் மாற்றும் பட்டன் மட்டும் கையை வைத்த இடத்திலெல்லாம் இருக்கிறது.

வெளியே போய் சுந்தரேசனுக்கு போன் செய்தேன்.

"சார், மாசத்தை எங்கே வெச்சோம்?"

"ஹெல்ப் ஃபைல்ல பாருங்களேன்."

"ஹெல்ப் ஃபைல் எழுதினதே நான்தான் சார்."

"அதுல என்ன இருக்கு?"

"'விரைவில்'னு இருக்கு."

திரும்பி வந்தால் இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது சின்ன விஷயம் மேடம். மொத்தத்துல படம் இதுதானே? நாளைக்கு நான் ஃபைலை அனுப்பியாகணும்," என்றார் மெதுவாக.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 'இந்த ப்ரோகிராமில் மாதமெல்லாம் கிடையாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சுடச்சுட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி அன்று இல்லை.

முன்வரிசையில் மீன் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கன்னியம்மா — எத்திராஜின் மனைவி — என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது நீ செஞ்ச பொட்டியா?"

"ஆமாம்மா."

"நீ வெச்சது ஒனக்கே தெரிலயா?"

"தெரியலம்மா."

"அப்ப குந்தி நிதானமாத் தேடு. நாங்க எங்கயும் போவல."

அந்த 'தெரியலம்மா'வுக்குப் பிறகு பொய் சொல்ல முடியவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் திறந்தேன். கிடைத்தது. எங்கே தெரியுமா? எழுத்தின் அளவை மாற்றும் இடத்துக்குக் கீழே. ஏன் அங்கே வைத்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்த ஊருக்கு நிபுணர்கள் பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்குக் கொடுத்திருந்தார்கள். ஆடி மாதத்தைப் போட்டு ஓட்டினேன்.

நீலம் திசை மாறியது. இப்போது மணல் கல்லுக்குத் தெற்கே மேடு கட்டியது. வடக்கே, குப்பத்தின் பக்கம், மஞ்சள் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஆவணி, புரட்டாசி என்று அடுத்தடுத்து ஓட விட்டேன். போட்டுகள் நிற்கும் இடம் நீலமானது. வலை காய வைக்கும் இடம் நீலமானது. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும், "அது நம்ம வூடு கீற எடம்," என்றது.

பஞ்சாயத்துக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஒரு மனிதர் கதவோரம் நின்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், என்னுடைய எட்டு அழகான பட்டன்களை நம்பி இவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இன்ஜினியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முகமும் வெளுத்துவிட்டது. "இடத்தை மறுபடி பார்க்கணும். நான் எழுதிடறேன்," என்று பேப்பரை மடித்து வைத்துக்கொண்டார். வளைவை எங்கே போடுவது என்று திரும்ப முதலிலிருந்து கணக்குப் போடுகிறார்கள்.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது எத்திராஜ் தன் போட்டின் விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனவள், போட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலை, கயிறு, ஐஸ் பெட்டி எல்லாம் அதனதன் இடத்தில். என்ஜின் பக்கத்தில், உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு கத்தி சொருகியிருந்தது.

"மீன் வெட்டவா அண்ணா?"

"தோ, மீன் கத்தி அந்தப் பொட்டில கீது. இது வலை போய் என்ஜின் விசிறில மாட்டிக்கினா அறுக்க. இல்லாட்டி போட்டே கவுந்துடும்."

"அடிக்கடி மாட்டுமா?"

அவர் யோசித்தார். "போன வருசம் ஒரு தபா. அதுக்கு முந்தி... தெரில மேடம்."

டீ ஆறும்வரை அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கணக்குப்படி அந்தக் கத்தியின் இடம் போட்டின் அடித்தளத்தில், நாலு பெட்டிக்குக் கீழே. வருடத்துக்கு ஒரே ஒரு க்ளிக் அல்லவா?

எங்கே தப்பு என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. எண்ணியதில் தப்பில்லை. யாரை எண்ணினோம்? எங்களை. வருடம் பூராவும் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்திருக்கும் பதினோரு பேருக்கு மாதம் எதற்கு? எங்களுக்கு எல்லா மாதமும் ஒரே குளிர்தான்.

வெள்ளிக்கிழமை காலை, பையைக்கூட வைக்காமல் சுந்தரேசன் அறைக்குப் போனேன். "மாசம் முன்னால வரணும் சார். எட்டு பட்டன்ல ஒண்ணா இல்ல. ப்ரோகிராமைத் திறந்தா, மாசத்தைச் சொல்லாம படமே ஓடக் கூடாது."

"ஸ்க்ரீன் அழகு போயிடுமே மேடம்."

குப்பத்தில் நடந்ததைச் சொன்னேன். எதையும் விடாமல், நான் பொய் சொல்ல இருந்தது உட்பட. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "போடுங்க," என்றார். அத்தோடு நில்லாமல், இதற்கு முன் எந்தெந்த ஊரில் எந்த மாதத்தை ஓட்டிக் காட்டினோம் என்று எல்லாப் பழைய ஃபைல்களையும் எடுக்கச் சொன்னார். இந்த வாரம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை வேறெங்கும் தப்பில்லை. இன்னும் பாதி இருக்கிறது.

இப்போது எங்கள் ப்ரோகிராமைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. நடுவில் ஒரே ஒரு கேள்வி. 'இன்னா மாசம்?' என்றுதான் நான் போட்டேன்... சுந்தரேசன்தான் அதை நல்ல தமிழில் மாற்றிவிட்டார்.