பஞ்சில் வந்த கறுப்பு

செஞ்சியில் பழைய எண்ணெய் ஓவியங்களைத் துடைத்துக் கொடுக்கும் அனந்தமதி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். பஞ்சில் பழைய வார்னிஷின் மஞ்சள் வந்துகொண்டிருக்கும்வரை துடைப்பாள். வேறு நிறம் வந்தால் நிறுத்திவிடுவாள்.

அப்பாவின் படத்தைக் கொண்டுவந்திருந்த நெல் மண்டி சாந்திகுமார் விடவில்லை. “நைனாவ எதிர்ல உக்கார வச்சி வரைஞ்ச படம்மா. கண்ணு பளிச்சுனு இருக்கணும். நல்லா தேய்ம்மா.”

வாசலிலேயே நின்று அவர் நச்சரித்ததில் எரிச்சலாகி, ஒரே இழுப்பில் இரு கண்களின்மேலும் பஞ்சை அழுத்தி ஓட்டினாள். பஞ்சு கறுத்தது. கையை எடுப்பதற்குள் இரண்டு விழிகளும் அதோடு வந்துவிட்டன.

அடியில் மூடிய இமைகள் இருந்தன. பிணத்தைப் பார்த்து வரைந்து, வார்னிஷ் பூசிய பிறகு அதன் மேலே விழிகளை எழுதிக் கண் திறந்திருக்கிறார்கள்.

“இன்னாம்மா,” என்று வாசலிலிருந்து சாந்திகுமார் குரல் கொடுத்தார், “நைனா பாக்குறாரா?”