அப்பாவுக்கு வந்த பியர்ப் போத்தல்

என் தம்பி கனடாவில் பியர் காய்ச்சுகிறான் என்பது முள்ளியவளை ஊர் முழுக்கத் தெரியும், எங்கள் அம்மாவைத் தவிர. அம்மாவுக்கு நான் சொல்லி வைத்திருந்தது சோடாக் கொம்பனி. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் பிறகு அதற்குக் காவல் இருக்க வேண்டும். நான்கு வருடம் காவல் இருந்தேன்.

"தேப்பன் கள்ளுத் தவறணைக்குப் போனார், மகன் தவறணையையே கட்டிப்போட்டான்" என்று சந்தையில் என் காதுபடச் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நான் மரக்கறியை அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன்.

பியர்க் கொம்பனியைத் தொடங்கியவர்கள் இரண்டு இந்தியர்கள். ஒருவர் கேரளம், மற்றவர் பஞ்சாப். தம்பியும் அவர்களும் ஒரே உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவியவர்கள். அவர்கள் இஞ்சி போட்டு ஒன்று, மாங்காய் போட்டு ஒன்று என்று தங்கள் ஊர் ருசியைப் பியரில் கலந்து விற்கத் தொடங்க, இவன் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தான். ஒருநாள் போனில் கேட்டான்: "அக்கா, அப்பா குடிச்சிட்டு வாற கள்ளு என்ன மணம்?"

"எனக்கென்னடா தெரியும்? நான் தவறணையிலயோ வளர்ந்தனான்?" என்று பாய்ந்தேன்.

தெரியாமல் என்ன! அப்பா சைக்கிளைப் படலையில் சாத்தும்போதே அது வீட்டுக்குள் வந்துவிடும். புளிப்பு, அதற்குள் ஒரு இனிப்பு. அம்மா சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்பா இருந்தவரைக்கும் ஒரு சொட்டுக் கள் எங்கள் படலை தாண்டி வந்ததில்லை. அவர் செத்த பிறகுதான் அம்மா விட்டார், அதுவும் வருடத்துக்கு ஒரு நாள், படையலுக்கு மட்டும்.

மணத்தைச் சொன்னேன். பிறகு அவன் பனங்கட்டி கேட்டான். இங்கிருந்து யார் கனடா போனாலும் அம்மா பனங்கட்டி கட்டிக் கொடுப்பார், "பிள்ளை தேத்தண்ணியோட கடிக்கட்டும்" என்று. அத்தனையும் பியருக்குள் போனது. எனக்கு நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது.

அப்பா சாகும்போது தம்பியிடம் பாஸ்போட் இல்லை. செத்தவீட்டைப் போனில் பார்த்தான். பாஸ்போட் கிடைத்த பிறகு ஒவ்வொரு திவசத்துக்கும் "வாறன் அம்மா" என்பான். அம்மா அவன் கட்டிலுக்குப் புது விரிப்பு விரிப்பார். அவன் வரமாட்டான். ஒருமுறை புது மெசின் வந்தது, ஒருமுறை கடை திறப்பு. இந்த வருடம் ரிக்கெற் எடுத்துவிட்டேன் என்றான். அம்மா விரிப்பை விரித்துத் தலையணை உறையும் தைத்த பிறகு எனக்குப் போன் எடுத்து, "பெரிய ஓடர் ஒண்டு வந்திட்டுது, அக்கா" என்றான்.

கொள்ளையில போவான்! அன்றைக்கு வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அவனுக்குப் பதிலாக ஒரு போத்தல் வந்தது. கனடாவிலிருந்து வந்த அயல்வீட்டுப் பிள்ளை துவாயில் சுற்றிக் கொண்டுவந்து நேரே அம்மாவின் கையில் கொடுத்தாள். "உங்கட மகன்ர பியர் அங்க நல்லாப் போகுது, அன்ரி."

அம்மா லேபலைப் பார்த்தார். ஒரு பனைமரப் படம் கீறியிருந்தார்கள், அதில் தேங்காய் காய்த்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"சோடாவோ, பிள்ளை?"

"பியர், அம்மா."

ஏசுவார் என்று நின்றேன். "கொப்பருக்குப் படைக்கட்டாம் எண்டு அனுப்பியிருக்கிறான் போல" என்று மட்டும் சொல்லிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்தார்.

திவசத்துக்கு ஐயர் வந்துபோன மறுநாள், அப்பாவுக்குப் பிடித்ததைப் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, சுருட்டு, ஒரு கிளாஸ் கள்ளு. கள்ளை எப்போதும் நான்தான் ஊற்றுவேன், அம்மா தொடமாட்டார். இந்த முறை போத்தலை என் கையிலிருந்து தானே வாங்கிக் கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினார். நுரை பொங்கி வாழையிலையில் வழிந்தது. தம்பி வீடியோவில் நின்று, "மெல்ல, அம்மா, கிளாஸைச் சரிச்சு ஊத்துங்கோ" என்றான். போனை அப்பாவின் படத்துக்கு எதிரே ஒரு செம்பில் சாத்தி வைத்திருந்தேன்.

படைத்து முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடும் நேரத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் உள்ளே நிற்கக் கூடாது. நானும் அம்மாவும் விறாந்தைக்கு வந்தோம். அப்போதுதான் நினைவு வந்தது.

"ஐயோ அம்மா, தம்பி உள்ளுக்கை நிக்கிறான்!"

கதவில் கை வைத்தேன். உள்ளே அவன் குரல் கேட்டது. "அப்பா" என்றான். "அப்பா, பனங்கட்டி போட்டுத்தான் காய்ச்சினனான். குடிச்சுப் பாருங்கோ. சரியில்லையெண்டாச் சொல்லுங்கோ." அதற்குப் பிறகு விம்மி விம்மி அழத் தொடங்கினான். செத்தவீட்டன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன். எனக்கும் தாங்க முடியவில்லை.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு. கொப்பரோட கதைக்கட்டும்."

அவன் அழுது ஓயும்வரை நின்றோம். பிறகு அம்மா கதவை மூன்று தரம் தட்டித் திறந்தார். நேரே போய்ப் படத்துக்கு முன்னால் இருந்த கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தார். எங்கள் அம்மா! தான் கட்டிக் கொடுத்த பனங்கட்டியின் இனிப்பைச் சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அவருடைய முகம் சுருங்கியது.

"கைக்குது" என்றார் போனைப் பார்த்து. "இந்தக் கைப்புக்கோ ராசா அங்கயே நிண்டுட்டாய்?"

"அடுத்த வருசம் வாறன், அம்மா."

"வாறன் எண்டு இனிச் சொல்லாத. வா."

அவன் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் இலை போட்டேன், எனக்கொன்று, அம்மாவுக்கொன்று.