உரிமையாளர்: சாரங்கன்

கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட்டு, தண்ணீர் கொதிப்பதற்குள் சரோஜினிதேவி தன் வெப்சைட்டின் பெயரைக் கணினியில் தினமும் தட்டிப் பார்ப்பார். பார்ப்பது வெப்சைட்டை அல்ல. அதை யார் பதிந்தது, எப்போது பதிந்தது, அது எந்த நாட்டுக் கணினியில் கிடக்கிறது என்றெல்லாம் கேட்டவருக்குக் கேட்டபடி எடுத்துக்கொடுக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது, அதைத்தான். உரிமையாளர் என்ற இடத்தில் சாரங்கன் என்று ஆங்கிலத்தில் முழுப் பெயர். கீழே வெள்ளவத்தையில் இந்த வீடு இருக்கும் ஒழுங்கையின் பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி எண். "இன்னும் தெரியுது" என்று முணுமுணுத்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போவார். பயத்தில் சொல்கிறாரா, நிம்மதியில் சொல்கிறாரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

அறுபதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. கல்யாணம் கட்டவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் உள்ள பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் போன்றவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து முத்திரை குத்திக் கொடுப்பது தொழில். "ஒரு எழுத்து பிசகினாலும் அந்தப் பிள்ளையின்ர விசா போச்சு" என்று ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு எழுத்துக்கூட்டுவார். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் அவரைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் வெப்சைட். பக்கங்களை அழகாகக் கட்டிக்கொடுத்தது கிருலப்பனையில் இருக்கும் அக்காவின் மகள் மிதுனா. அவளுக்குக் கணினிக் கொம்பனி ஒன்றில் வேலை. "முதல்ல பேரைப் பதிவு செய்யவேணும் சின்னம்மா" என்று அவள் போனில் சொன்னபோது, பதிவுதானே, நானே செய்கிறேன் என்று சரோஜினிதேவி உட்கார்ந்துவிட்டார்.

வில்லங்கம் அந்தச் சொல்லில்தான் இருந்தது. யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் குடியிருந்த தமிழருக்குப் பதிவு என்றால் ஒன்றுதான், பொலிஸ் பதிவு. வீட்டில் யார் யார், எந்த ஊர், எதற்காக வந்தது, எவ்வளவு காலம் நிற்பது. முதல் வரியில் வீட்டுக்காரரின் பெயர். அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவர் தம்பி சாரங்கன் என்பதால், சரோஜினிதேவியின் கை வருடக்கணக்காக அந்த வரியில் அவர் பெயரையே எழுதிப் பழகியிருந்தது. கணினி பெயரைக் கேட்டதும் கை தன்பாட்டில் அதையே எழுதிவிட்டது. விலாசத்திலும் தொலைபேசியிலும் எதையும் மறைக்கவில்லை. பதிவில் மறைத்தால் என்ன நடக்கும் என்று அறிந்தவர் அவர்.

மறைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அறிந்தவர். 2008இல் ஒரு பின்னேரம் இரண்டு பேர் வந்து, பொலிஸ் பதிவில் இருந்தபடியே முழுப் பெயரையும் சொல்லிக் கேட்டார்கள். "ஓம், உள்ளுக்கு இருக்கிறார்" என்று சொல்லித் தம்பியைக் கூப்பிட்டது சரோஜினிதேவிதான். சின்ன விசாரணை, உடனே விட்டுவிடுவோம் என்றார்கள். சாரங்கன் வீட்டுச் செருப்போடு போனார். எங்கே கொண்டுபோனார்கள், என்ன செய்தார்கள் என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. வீட்டை மாற்றச் சொல்லாதவர்கள் இல்லை. சரோஜினிதேவி மாற்றவில்லை, தொலைபேசி எண்ணையும் மாற்றவில்லை.

"பதிஞ்சாலும் பயம், பதியாட்டிலும் பயம்" என்பார். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. யாராவது கதவைத் தட்டினால், சங்கிலியைக் கழற்றாமலே தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை யார் என்று கேட்பார். பகலில் ஓய்வு கிடைத்தால் ஊரில் உள்ள மற்ற வெப்சைட்டுகளையும் அந்தப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பார். கல்யாண மண்டபம், பலகாரக் கடை, டியூஷன் வகுப்பு, எதையும் விடமாட்டார். முக்கால்வாசிப் பேர் பெயரை மறைத்திருப்பார்கள். யாராவது மறைக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "பாவம், இந்த மனுசனும் மறைக்கேல்லை" என்று, முன்பின் தெரியாத அந்த ஆளின் பெயரையும் மாலையில் பிள்ளையாரிடம் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

தன் வெப்சைட் சிங்கப்பூரில் ஒரு கணினியில் இருக்கிறது என்று அறிந்தபோது மட்டும் சிரித்தார். "சாமான் பத்திரமா வெளிநாட்டில. நாங்கள்தான் இங்க."

போன மாதம் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. தொலைபேசி அடித்தது, எடுத்தால் ஓர் ஆண் குரல், சிங்களத்தில், "சாரங்கன் மஹத்தயா இன்னவாத?" என்றது. சாரங்கன் ஐயா இருக்கிறாரா என்று ஒருவர் கேட்டு எத்தனை வருடம்! சரோஜினிதேவி போனை வைத்துவிட்டு, யன்னல்களைச் சாத்தி, குசினியில் போய் அடுப்படியில் குந்திக்கொண்டார். வேலை முடிந்து ஓடிவந்த மிதுனா அந்த எண்ணுக்கு எடுத்துக் கேட்டாள். வெப்சைட்டை இன்னும் அழகாக்கித் தருகிறோம் என்று பிள்ளைபிடிக்கிறவர்களைப் போல ஆள் பிடிக்கும் கொம்பனியாம். பதிவு விபரத்திலிருந்துதான் பெயரை எடுத்தார்களாம். மிதுனா வாய்விட்டுச் சிரித்தாள். சின்னம்மா இன்னும் குசினியில் குந்தியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

இந்தச் சனிக்கிழமை அவள் ஒரு முடிவோடுதான் வந்தாள். பதிவு செய்த கொம்பனியிடமிருந்து வருடாந்த மின்னஞ்சலும் வந்திருந்தது. உங்கள் விபரங்கள் சரிதானா, பிழையென்றால் திருத்துங்கள், திருத்தாவிட்டால் பதிவு ரத்தாகலாம் என்று.

"மாமான்ர பேரை எடுத்துப்போட்டு உங்கட பேரைப் போடுவம் சின்னம்மா. பிறகு எல்லாத்தையும் மறைச்சு விடுவம். பயமில்லாம நித்திரை கொள்ளுவியள்."

"மறைச்சா ஒருத்தருக்கும் தெரியாதோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அவனுக்கும்?"

மிதுனா மவுசை நகர்த்தினாள். திரையில் சாரங்கன் என்ற பெயர் நீல நிறமாகி, அழிபடுவதற்குத் தயாராக நின்றது. சரோஜினிதேவிக்கு மனம் கேட்கவில்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்தக் குரல் இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

"வணக்கம், பலீல் கதைக்கிறன். சாரங்கன் ஐயா இருக்கிறாரா?" இந்த முறை தமிழ், இளவயதுக் குரல். பின்னால் இன்னும் பல பேர் போனில் பேசும் சத்தம் கேட்டது. அதே வியாபாரம்தான். பிழையான நம்பர் என்று சொல்லச் சொல்லி மிதுனா கையால் சைகை காட்டினாள்.

சரோஜினிதேவி வாசற்கதவைப் பார்த்தார். சங்கிலி போட்டபடியே இருந்தது.

"அவர் இல்லைத் தம்பி" என்றார். "வெளியில போயிருக்கிறார்."

"எப்ப வருவாரு அம்மா?"

"தெரியாது. வந்தா, நீங்கள் கேட்டதெண்டு சொல்லுறன்."

ரிசீவரை வைத்துவிட்டு, மிதுனாவின் கையை மவுசிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டார்.