பையன்கள் பள்ளிக்கூடத்தில் அம்மா

மலேசியாவில் ஓர் ஆற்றோரப் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், ஏதோ ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று நாற்பது அங்கிள்மார் சண்டைக்கு வருவார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் மலாய் ராஜ குடும்பத்துப் பிள்ளைகளை அதிகாரிகளாக்குவதற்குக் கட்டிய பள்ளிக்கூடம் அது. பிற்பாடு நெல் விவசாயிகளின் பிள்ளைகளும் பரீட்சையில் வெளுத்துக்கட்டி உள்ளே வந்தார்கள். எல்லோரும் மலாய்க்காரர்கள், எல்லோரும் ஆண்பிள்ளைகள், எல்லோரும் விடுதியில். இந்த மூன்றில் ஒன்றுக்கும் பொருந்தாத என் அம்மா பதினேழு வயதுவரை அங்கேதான் இருந்தாள். அவளுடைய அப்பா அங்கே கணக்கு வாத்தியார். மைதானம், அதற்குப் பின்னால் செம்பருத்தி வேலி, வேலியை ஒட்டி வாத்தியார்கள் குவார்ட்டர்ஸ்.

சிட்னியில் எங்கள் பென்டில் ஹில் வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சு பாதி நாள் அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டதிட்டங்களைப் பற்றித்தான் இருக்கும். புதுப் பையன் நடுப் புல்வெளியில் கால் வைக்கக் கூடாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வந்த முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு பட்டப்பெயர் விழும். அது சாகும்வரை போகாது. சிட்னியில் இதய அறுவை செய்யும் பெரிய டாக்டர் ஒருவரை அவருடைய கூட்டாளிகள் இன்றைக்கும் தவளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே சீனியர். அதற்கு வயது கணக்கில்லை, பள்ளியில் சேர்ந்த வருஷம்தான் கணக்கு. சீனியர் காக்கா வெள்ளை என்றால் ஜூனியர் ஆமாம் வெள்ளை என்று தலையாட்டிவிட்டு, அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும்.

அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்கட பள்ளிக்கூடத்திலயும் இதெல்லாம் இருந்ததுதான். நாங்க சொல்லிக்கொண்டு திரியிறேல்ல" என்பார். பிறகு அரைமணி நேரம் சொல்வார்.

ஒவ்வோர் அக்டோபரும் நார்த்மீட் பக்கம் ஒரு பூங்காவில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் கூடி, இன்னொரு மலேசியப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்களோடு ரக்பி விளையாடுவார்கள். மோதித் தள்ளுகிற ரக்பி அல்ல, தொட்டால் போதும் என்கிற ரக்பி. பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, என்ன செய்வது. ஜெயித்தவர்களுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. எங்களுக்கும் அழைப்பு உண்டு. வாத்தியாரை மலாயில் சிக்கு என்பார்கள். அம்மா அவர்களுக்குச் சிக்குவின் மகள். அந்த மரியாதைக்காக அவள் விடிய எழுந்து மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டி, நெத்திலிச் சம்பல் வைத்து, ஐஸ் பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு போவாள்.

ஆட்டத்துக்கு முன்னால் கோஷம். ஏழு வரி. எந்த மொழியும் இல்லை, அர்த்தமும் கிடையாது. வந்திருப்பவர்களில் முதலில் பள்ளியில் சேர்ந்தவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிக் கத்த வேண்டும். கையில் காகிதம் இருக்கக் கூடாது. தடுமாறினால் மறுபடி முதலில் இருந்து. மூன்று முறை தடுமாறினால் ஆட்டமே கிடையாது, கோப்பையை எதிர்க்கட்சியிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. கேட்பதும் சட்டவிரோதம்.

அம்மாவுக்கு அந்தக் கோஷம் தண்ணீர்பட்ட பாடு. சின்ன வயதில் அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத, வேலிக்கு அந்தப் பக்கம் சீனியர்கள் புதுப் பையன்களை நிற்கவைத்துத் தொண்டை கிழியும்வரை கத்தவைப்பார்கள். வருஷா வருஷம் புதுப் பையன்கள், அதே ஏழு வரி. ஆனால் பூங்காவில் ஆண்கள் கத்தும்போது பெண்களும் பிள்ளைகளும் பாய்களுக்குப் பின்னால் சும்மா நிற்க வேண்டும். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள், கால் மட்டும் புல்லில் தாளம் போடும். நீங்களும் சொன்னால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "அது அவங்களோடது லா. நம்ம வாய் தொறக்கக் கூடாது" என்றாள். ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

எனக்குப் பத்து வயதான வருஷம் அது. அதற்கு முந்தைய நான்கு வருஷமும் நம்மவர்கள் தோற்றிருந்தார்கள். அந்த வருஷம் எழுபதைத் தாண்டிய ஓர் அங்கிள் பெர்த்திலிருந்து சிட்னிக்குக் குடிவந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் பள்ளியில் சேர்ந்தவர் என்பதால் கோஷம் தானாக அவர் கைக்குப் போய்விட்டது. கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். மூன்றாம் வரி முடிந்ததும் நேராக ஐந்தாம் வரிக்குத் தாவினார். எதிர்க்கட்சிக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். இரண்டாம் முறையும் அதே தாவல், அதே சிரிப்பு.

இதில் விசேஷம் என்னவென்றால், அங்கே நின்ற நாற்பது பேருக்கும் நாலாம் வரி தெரியும். தவளை டாக்டருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சீனியரை ஜூனியர் எப்படித் திருத்துவது? மனிதர்களின் இதயத்தை அறுத்துத் தைக்கிறவர், தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது பேரும் தப்பு என்று தெரிந்தே, மரியாதை குறையாமல், பெரியவர் பின்னால் தப்பாகக் கத்தினார்கள். மூன்றாவது முறையும் அப்படித்தான் கத்தப்போகிறார்கள் என்பது சின்னப் பிள்ளைகளான எங்களுக்கே விளங்கியது. எதிர்க்கட்சியில் ஒருவர் கோப்பையைத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

அம்மா கரண்டியும் கையுமாக நின்றாள். முகம் சிவந்திருந்தது. "நாலாவது வரி, நாலாவது வரி" என்று முணுமுணுத்தாள்.

அப்பா கதிரையில் சாய்ந்தபடி, வென்ட்வேர்த்வில் இலங்கைக் கடையில் வாங்கிய ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, "அப்ப போய்ச் சொல்லன். நீ ஒருத்தருக்கும் ஜூனியர் இல்லைத்தானே" என்றார்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பாயைத் தாண்டி, பெண்கள் தாண்டக் கூடாத அந்த இடத்தையும் தாண்டி, விறுவிறுவென்று நடந்தாள். எனக்கு மானம் போயிற்று. பெரியவர் முன்னால் போய் லேசாகக் குனிந்து, மலாயில், ரொம்பப் பணிவாக, நாலாவது வரி விட்டுப்போகிறது ஐயா என்றாள். அவர் பதில் சொல்வதற்குள், இனி யோசித்தால் தைரியம் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பி நின்று முதல் வரியை அவளே எடுத்தாள்.

அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. என்னைத் திட்டும்போதுகூட அவள் அதில் கால்வாசிதான் செலவழித்திருக்கிறாள். நாற்பது பேரும் பெரியவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பெரியவர்தான் முதலில் திருப்பிக் கத்தினார். சீனியரே கத்திவிட்டால் அப்புறம் யார் தடுப்பது? நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு, மூன்று. நாலாம் வரிக்கு அம்மா கரண்டியை மேலே தூக்கினாள். யூகலிப்டஸ் மரத்தில் இருந்த வெள்ளைக் கிளிகள் அத்தனையும் கிளம்பிப் பறந்தன. ஏழாம் வரி முடிந்தபோது நானும் மற்றப் பிள்ளைகளும் குதித்துக்கொண்டிருந்தோம். எதிர்க்கட்சிக்காரர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைசி நிமிஷத்தில் தவளை டாக்டர் நொண்டி நொண்டி ஓடிப்போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார். ஜெயித்துவிட்டோம். அப்பாகூட எழுந்து நின்று கைதட்டினார்.

ஜெயித்தால் அந்தப் பந்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், பக்கத்தில் பள்ளியில் சேர்ந்த வருஷத்தையும் எழுத வேண்டும். பெரியவர் முதலில் போட்டார். பிறகு பந்தையும் பேனாவையும் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் பாய்க்கு வந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பந்தையே பார்த்தாள். பெயரை எழுதினாள். இன்னும் கொஞ்சம் யோசித்து, ஒரு வருஷத்தையும் எழுதினாள்.

நான் எட்டிப் பார்த்தேன். வகுப்பில் கணக்குக்கு நான்தான் முதல். எண்களில் யார் தப்பு விட்டாலும் எனக்குப் பொறுக்காது. "அம்மா, இது நீங்க பொறந்த வருஷம். பிழையா எழுதிட்டீங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அந்த வருஷந்தான் லா நான் அங்க வந்தேன்" என்றாள் அம்மா. தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

தவளை டாக்டர் குனிந்து பந்தைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். அவர் அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது அந்த வருஷத்துக்குப் பிறகு. அவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஆமாம் என்று தலையாட்டினார். உடனே டாக்டர் எங்கள் ஐஸ் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு எங்கள் கார் நின்ற பக்கம் நடக்க ஆரம்பித்தார். இன்னொருவர் பாயைச் சுருட்டினார். மூன்றாவது ஒருவர், நரைத்த தலைக்காரர், அப்பா உட்கார்ந்திருந்த கதிரையைப் பணிவாகக் கேட்டு வாங்கினார். அப்பா ரோல்ஸோடு எழுந்து நின்று, "என்ன நடக்குது இங்க?" என்றார்.

தொண்டை போய்விட்டதே என்று இரக்கப்பட்டுத்தான் உதவுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். காரில் ஏறிய பிறகும் எனக்கு அந்த வருஷம்தான் மனதை அரித்தது. திரும்பிப் போய்த் திருத்திவிட்டு வரலாம் என்று அப்பாவைப் பிடுங்கினேன். அப்பா காரைத் திருப்பாமல் நேரே வீட்டுக்கு ஓட்டினார். முன்சீட்டில் அம்மாவின் தோள் குலுங்கியது. எட்டிப் பார்த்தால் கண்ணீர் வழிகிறது. பாவம், விட்ட பிழை இப்போதுதான் உறைத்திருக்கிறது என்று எண்ணி, பின்சீட்டிலிருந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். பரவாயில்லை அம்மா, அடுத்த வருஷம் அதை அடித்துவிட்டுச் சரியாக எழுதிக்கொள்ளலாம் என்றேன்.